மீண்டும் முருங்கை மரம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. குடும்ப அட்டை, படகின் பதிவுச் சான்று, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அடியில், பதினோரு ‘அம்புலிமாமா’ இதழ்கள் அதில் இருக்கின்றன. சிலவற்றுக்கு அட்டை இல்லை. ஒன்றில் கரையான் அரித்ததுபோக ஓர் அரசகுமாரியின் பாதி முகம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பொன்னேரியில் பழைய தாள் வாங்கும் கடை ஒன்றிலிருந்து என் தந்தை எடை போட்டு வாங்கி வந்தவை அவை. அப்போது நான் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஏரிக்குப் போய்விட்ட ஒருவர், மீன் விற்ற காசில் கதைப் புத்தகம் வாங்கினார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள். வரலாற்று மாணவர்களுக்கு அது 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம். விலங்கியல் மாணவர்களுக்கு அது பூநாரைகள் வந்து இறங்கும் உவர்நீர் ஏரி. எங்களுக்கு அது சோறு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். தம் பாடு வரும் நாளில் அப்பா போவார். வலையில் இறாலும் வரும். சில நாள் வெறும் பாசியும் வரும். எது வந்தாலும் அடுத்த பாட்டுக்கு அவர் மறுபடியும் போவார்.

பாடு இல்லாத இரவுகளில் அவர் அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பார். விக்கிரமாதித்தன் கதை என்றால் எனக்கு உயிர். அரசன் மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை ஒன்று சொல்லி, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னாலோ மௌனம் கலையும். அரசன் சொல்கிறான். உடனே வேதாளம் பிணத்தோடு மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்பா எழுத்தின் கீழ் விரல் வைத்து, கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு விரல் போகும் நேரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் மெல்லப் படித்ததால்தான் அந்தக் கதை அவ்வளவு பயமாக இருந்ததோ என்னவோ!

எனக்கு எட்டு வயதானபோது நான் அவரை விட வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் அவர் “பொணத்த எடுத்து” என்று படித்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

“அப்பா, தப்பு. அது பொணம் இல்ல, பிரேதம்.”

“அப்பிடியா பாப்பா? அப்போ நீயே படி” என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் அந்தப் பெட்டியைக் கதைக்காகத் திறந்ததில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் இனிமேல் படிப்பவள் நான்தான் என்ற பெருமை! அந்தப் பெருமையின் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தெரிய வைத்தது பத்து நிமிடக் குறும்படம் ஒன்று.

சில மாதங்களுக்கு முன் மாணவர்களுக்கான குறும்படப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. சிறு வயதில் விரும்பிய மாயக்கதை ஒன்றைப் பத்து நிமிடப் படமாக்க வேண்டும். கைப்பேசியில் எடுக்கலாம் என்றார்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். வேதியியல் தோழி ஒருத்தி, தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பர் ஒருவர், அவருடைய அறைத்தோழர், நான். கதையைத் தேர்ந்தவள் நான். வேறு எதைத் தேர்ந்திருக்கப் போகிறேன்?

போட்டிக்காக நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, எனக்கு அதுவரை தெரியாத பல செய்திகள் தெரிய வந்தன. வேதாளக் கதைகள் மிகப் பழையவை. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் வடமொழியில் எழுதிய ‘கதாசரித்சாகரம்’ என்னும் பெருநூலுக்குள் அவை இருபத்தைந்தும் இடம்பெற்றிருக்கின்றன. அங்கே வேதாளம் தொங்குவது முருங்கை மரத்தில் அன்று. சிம்சுபா என்னும் மரத்தில். தமிழுக்கு வந்தபோது அது முருங்கையாயிற்று. யார் மாற்றினாரோ, எதற்காக மாற்றினாரோ! ஆனால் மாற்றியவர் குழந்தைகளை அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. காட்டில் எங்கோ நிற்கும் மரத்தில் பேய் தொங்கினால் குழந்தைக்கு என்ன வந்தது? நம் கொல்லையில் நிற்கும் மரத்தில் தொங்கினால் அல்லவா இரவில் வெளியே போகப் பயமாக இருக்கும்! ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது’ என்று நம் வீடுகளில் பழமொழியே வந்துவிட்டது. மூலத்துக்கு மாறான ஒரு சொல், மூலத்தை விட ஆழமாக வேரூன்றிவிட்டது.

‘அம்புலிமாமா’வின் வரலாறும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் அதைத் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கினார்கள். இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பின்னும் வேதாளத்தை விடாமல், புதுப்புதுக் கதைகளை அதன் வாயில் வைத்துப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். ஒரு கையில் உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். அவர் 2020-இல் மறைந்தார். இதழும் இப்போது வெளிவருவதில்லை. இதில் இன்னொரு செய்தி என்னை மகிழ வைத்தது. இதழை நடத்திய அந்த இருவரே விஜயா நிறுவனத்தின் தயாரிப்பாளர்கள். மந்திரவாதியும் மாயச் சிலையும் வரும் ‘பாதாள பைரவி’யை 1951-இலும், கடோற்கசன் மாயம் செய்யும் ‘மாயா பஜா’ரை 1957-இலும் தமிழிலும் தெலுங்கிலும் தந்தவர்கள் அவர்கள்தாம். ஒரு கையால் குழந்தைகளுக்குக் கதை அச்சிட்டவர்கள், மறு கையால் அதே மாய உலகத்தைத் திரையில் காட்டியிருக்கிறார்கள்.

‘மாயா பஜா’ரில் நிலவொளியில் படகு செல்லும் பாடல் காட்சி ஒன்று உண்டு. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. அந்த நிலவைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் எங்கள் கைப்பேசி இரவில் எடுத்தால் இருட்டில் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. ஒளியியல் பாடம் இங்கே கை கொடுத்தது. மாலை ஐந்தரை மணிக்குச் சூரியனை எதிரே வைத்து, உள்ளே வரும் ஒளியைக் குறைத்து எடுத்தோம். வானம் கறுத்தது, நீரில் பட்ட வெயில் மட்டும் வெள்ளியாகத் தகதகத்தது. பின்னர் கணினியில் சற்று நீலம் கூட்டினோம். அப்பா பார்த்துவிட்டு, “நெலா வெளிச்சம் தண்ணியில இப்பிடித்தான் கெடக்கும்” என்றார். பேராசிரியர் ஒருவர் என் செய்முறை ஏட்டில் ‘நன்று’ என்று எழுதியபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

படப்பிடிப்பு எங்கள் குப்பத்திலேயே நடந்தது. மரம், அத்தை வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை. பிணமாக நடிக்க வேண்டிய நண்பர் மரத்தில் ஏறப் போனார். “தம்பி, முருங்கையில ஆள் ஏறக் கூடாது, முறிஞ்சிடும்” என்று அப்பா தடுத்தார். வேதாளத்துக்குக் கனம் இல்லை போலும்! ஆகவே ஆளுக்குப் பதில் வைக்கோலை வேட்டியில் சுற்றிப் பிணமாக்கினோம். தமிழ் இலக்கிய நண்பர்தாம் விக்கிரமன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியின் முழங்கால் தண்ணீரில் நடந்தார். கரையில் வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார்.

“நீ தூக்குறத பாத்தா தலகாணி மாதிரி இருக்குதுப்பா. பொணம் கனக்கும்.”

அவர் எழுந்து வந்தார். வைக்கோலை உதறிவிட்டு, கிழிந்துபோன பழைய வலை ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து வேட்டியில் சுருட்டினார். நனைந்த வலையின் கனத்தைக் கரையோரத்தில் வாழாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கடினம். நண்பரால் அதைத் தூக்கிப் பத்தடி வைக்க முடியவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். முகம் தெரியாமல் பின்புறமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அப்பா நடந்தார். சேற்றில் கால் புதைந்து மீளும்போது உடம்பு முழுவதும் ஒருமுறை சாய்ந்து நிமிரும். அந்த நடையை எந்த நடிகரும் நடித்துக் காட்ட முடியாது. ஒருமுறை படகு குறுக்கே வந்தது. ஒருமுறை நாய் குரைத்தது. ஒருமுறை நான் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டேன். ஏழு முறை நடந்தார். ஒவ்வொரு முறை முடிந்ததும் நண்பர்கள் மூட்டையைச் சிறு படகில் வைத்துப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்பா வெறுந்தோளோடு தண்ணீரில் திரும்பி நடப்பார். போய் மறுபடியும் தூக்குவார். அன்றிரவு பார்த்தேன், வேட்டியை இறுக்கிக் கட்டிய கயிறு உராய்ந்து அவர் தோள் சிவந்து கிடந்தது. கேட்டதற்கு, “சும்மா இரு, எனக்கு இது புதுசா?” என்றார்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கதையின் முடிவை மாற்றியவள் நான்தான். வேதாளம் பறந்து போவதைக் காட்ட எங்களிடம் வசதி இல்லை. தவிரவும், வேதாளம் மரத்துக்குத் திரும்புவதில் என்ன முடிவு இருக்கிறது? பார்ப்பவர்களுக்குத் திடுக்கிடும் திருப்பம் வேண்டாமா? ஆகவே இப்படி எழுதினேன்: கேள்விக்கு விக்கிரமன் விடை சொன்னதும் திரை இருள்கிறது, விடுதி அறையில் மாணவன் ஒருவன் திடுக்கிட்டு விழிக்கிறான், மார்பில் ஒரு ‘அம்புலிமாமா’ கவிழ்ந்து கிடக்கிறது. எல்லாம் கனவு! நண்பர்கள் கைதட்டினார்கள். போட்டியிலும் இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்த முடிவைத்தான் நடுவர்கள் சிறப்பாகப் பாராட்டினார்கள்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் அப்பா, அம்மா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி மூவரும் உட்கார்ந்திருக்க, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் படத்தைக் காட்டினேன். முடிந்ததும் தம்பிதான் முதலில் பேசினான்.

“அவ்ளோதானாக்கா? வேதாளம் மரத்துக்குப் போவவே இல்ல!”

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “கனவா பாப்பா? அப்போ நான் தூக்கினது?”

“அது படத்துக்காகப்பா. படம்னா ஒரு முடிவு வேணும் இல்ல? எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருந்துச்சு” என்றேன்.

“சரி பாப்பா. படிச்சவங்க நீங்க, ஒங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தார். எழுந்து வலையிடம் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. எட்டு வயதில் என் கையில் புத்தகத்தைக் கொடுத்தபோது சிரித்த அதே சிரிப்பு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குழந்தைகள் நேசித்த ஒரு கதையைத் திரைப்படமாக்குகிறவர் அந்தக் கதைக்கு எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? பரிசு பெறும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பரிசு பெற்ற பின் கேட்கத் தொடங்கினேன். பிறர் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

அமெரிக்காவில் ஃபிராங்க் பாம் என்பவர் 1900-இல் எழுதிய ‘ஓஸ்’ மாயக்கதை அந்நாட்டுக் குழந்தைகளின் செல்லப் புத்தகம். 1939-இல் அதைப் படமாக்கியவர்கள், நூலில் வெள்ளியாக இருந்த காலணிகளைச் சிவப்புக் கற்கள் பதித்தவையாக மாற்றினார்கள். அப்போது புதுமையாக இருந்த வண்ணப் படத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பதே காரணம். அந்த மாற்றம் கதைக்குத் தீங்கு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நம் முருங்கை மரத்தைப் போன்றதுதான் அதுவும். ஆனால் நூலில் அந்தச் சிறுமி உண்மையாகவே ஓஸ் நாட்டுக்குப் போய் வருகிறாள். படத்திலோ அவள் படுக்கையில் கண் விழிக்கிறாள்; எல்லாம் கனவு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிய திருப்பம் 1939-லேயே வந்துவிட்டது! அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது உண்மைதான். ஆயினும் நூலைப் படித்துவிட்டு அரங்குக்குப் போன குழந்தைகளில் யாராவது என் தம்பியைப் போல் கேட்டிருக்க மாட்டார்களா?

அடுத்து, நம் ‘விக்ரம் வேதா’. 2017-இல் புஷ்கர்–காயத்ரி இயக்கிய படம். அதில் மரமும் இல்லை, பிணமும் இல்லை, அரசனும் இல்லை. காவல்துறை அதிகாரியும் ரவுடியும்தான். ஆனால் ரவுடி தானே வந்து அகப்படுகிறான், கதை ஒன்று சொல்கிறான், கேள்வி கேட்கிறான், விடை கிடைத்ததும் கைநழுவிப் போகிறான். மறுபடியும் தேடல், மறுபடியும் கதை. தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தபோது, எங்கள் வீட்டில் அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார்: “ஏ, இது நம்ம வேதாளம்!” எல்லாவற்றையும் மாற்றியவர்களின் படத்தில் அவர் வேதாளத்தைக் கண்டுகொண்டார். வேட்டியும் மரமும் பிணமும் அப்படியே வைத்திருந்த என் படத்தில் அவரால் அதைக் காண முடியவில்லை.

மூன்றாவதாக, சத்யஜித் ரே. அவருடைய ‘கூபி கைன் பாகா பைன்’ படத்தை ஆங்கில எழுத்துகளின் துணையோடு பார்த்தேன். கதை அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர், தாம் நடத்திய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் 1915-இல் எழுதியது. தம் சிறு மகனுக்காக ரே அதைப் படமாக்கி 1969-இல் வெளியிட்டார். பாட வராத ஒருவனும் மேளம் கொட்ட வராத ஒருவனும் ஊரால் துரத்தப்படுகிறார்கள். காட்டில் பேய்களின் அரசன் அவர்களுக்கு மூன்று வரம் தருகிறான்: நினைத்த உணவும் உடையும், நினைத்த இடத்துக்குப் போகும் ஆற்றல், கேட்டவர் மயங்கி நிற்கும் இசை. சிறிய கதையை ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படமாக்க ரே எவ்வளவோ சேர்த்திருக்கிறார். பாடல்களைத் தாமே எழுதி இசையமைத்தார். பேய்கள் ஆடும் நீண்ட ஆட்டம் ஒன்றை அமைத்து, அதற்கு நம் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகியவற்றின் ஒலியை வைத்தார். வங்காளப் பேய்கள் நம் தாளத்துக்கு ஆடுகின்றன! போருக்குப் புறப்பட்ட பட்டினிப் படை, வானிலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்கக் கண்டு, ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடுகிறது. ஆனால் எந்த இடத்திலும், ‘இதெல்லாம் கனவு’ என்று ரே சொல்லவில்லை. இரண்டு ஏழைகளுக்குக் கிடைத்த வரம் வரமாகவே இறுதிவரை இருக்கிறது.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. மரத்தை மாற்றலாம், காலணியின் நிறத்தை மாற்றலாம், அரசனைக் காவல் அதிகாரியாக்கலாம். ஆனால், கேட்டவன் எதை நம்பிக் கதையோடு நடந்து வந்தானோ, அதை முடிவில் பொய் என்று சொல்லக் கூடாது. என் தந்தை எதை நம்பி அந்தக் கதையைப் படித்தார்? வேதாளத்தின் அறிவுக்காகவா? விக்கிரமனின் நீதிக்காகவா? இல்லை. கொண்டு வந்தது கைநழுவிப் போனாலும், முகம் சுளிக்காமல் மறுபடியும் மரத்துக்குப் போகும் ஒருவனுக்காக. பாசி மட்டும் வந்த வலையை உதறிக் காய வைத்து, அடுத்த பாட்டுக்குப் போகும் மனிதருக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேதாளம் மரத்துக்குத் திரும்புவதில் முடிவே இல்லை என்று எண்ணினேன். அந்தத் திரும்புதல்தான் கதை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரேயின் பாட்டனார் கதை எழுதினார்; இதழ் நடத்தினார்; அச்சுக் கலையில் வல்லவராக இருந்தார். அப்படிப்பட்ட குடும்பத்தின் கதை, பேரன் வழியாகக் கொள்ளுப்பேரனுக்குப் போய்ச் சேர்வது இயல்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னே இருந்தது எழுத்துக் கூட்டிய ஒரு விரல் மட்டும்தான். அந்த விரல் காட்டிய கதையை எடுத்துக்கொண்டு, ‘அது உண்மையில்லை, கனவு’ என்று அந்த விரலுக்குரியவரிடமே சொல்லியிருக்கிறேன். படிப்பு எனக்குத் தந்த முதல் வேலை அதுவாகவா இருக்க வேண்டும்?

படத்தை மறுபடியும் தொகுக்க வேண்டும் என்று நண்பர்களிடம் சொன்னேன். “பரிசு வாங்கிய படத்தை யாராவது திருத்துவார்களா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போட்டிக்கு அனுப்பியது அப்படியே இருக்கட்டும், குப்பத்தில் காட்ட மட்டும் வேறொன்று செய்யலாம் என்று வேண்டிக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

புதிதாக எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்த மறக்கும் எனக்கு, நிறுத்தவும் மறக்கும் பழக்கம் உண்டு. எடுத்தவற்றை முழுவதும் ஓட்டிப் பார்த்தபோது, அப்பா வெறுந்தோளோடு திரும்பி நடக்கும் காட்சிகள் பலமுறை பதிவாகியிருந்தன. படத்துக்காக நடப்பதாக அவர் அப்போது நினைக்கவில்லை. களைத்துப் போய், கையால் தண்ணீரை விலக்கிக்கொண்டு, மூட்டை இருக்கும் இடத்தை நோக்கி நடக்கிறார். அதைவிட நல்ல விக்கிரமன் எங்கே கிடைப்பான்? விடுதி அறைக் காட்சியை வெட்டினோம். விக்கிரமன் விடை சொன்னதும் கிளை அசையும் ஒலி; வெறுந்தோள்; திரும்பி நடக்கும் உருவம்; மறுபடியும் மூட்டை தோளில் ஏறுகிறது; மறுபடியும் நடை. அங்கே படத்தை நிறுத்தினோம். பறக்கும் வேதாளத்தைக் காட்ட வசதி இல்லையே என்று கவலைப்பட்டது வீண். காட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

திருமணங்களுக்குப் படம் பிடிக்கும் ஒருவரிடம் ஒளிபெருக்கியும் ஒளி வீசும் கருவியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு, பிணத்தைச் சுற்றிய அதே வேட்டியைத் துவைத்துக் கட்டினோம். குப்பத்துப் பிள்ளைகள் மணலில் முன்வரிசை பிடித்தார்கள். அப்பா பின்னால், படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தோளில் மூட்டையோடு உருவம் தண்ணீரில் இறங்கியதும் அத்தை உரக்கச் சொன்னாள்: “இது நம்ம அண்ணன் நடை இல்ல?” சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் விக்கிரமன் விடை சொல்லி, தோள் வெறுமையாகி, அவன் திரும்பி நடந்தபோது பேச்சு நின்றது. பிறகு ஒரு பிள்ளை கத்தினான்: “டேய், மறுபடியும் மரத்துக்குப் போறான்டா!” எல்லாப் பிள்ளைகளும் கத்தத் தொடங்கினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தம் தோளை ஒருமுறை தடவிக்கொண்டார்.

அன்புத் தோழர்களே! நம்மில் பலர் நாளை படம் எடுக்கலாம், கதை எழுதலாம், ஆசிரியராகிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். நம் வீடுகளிலும் தகரப் பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து எடுக்கும் கதையை நம் காலத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், தவறில்லை. மாற்றும் முன், அதை நமக்குச் சொன்னவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார், எந்த இடத்தில் நிறுத்தி நம் முகத்தைப் பார்த்தார் என்பதை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் தம்பி தகரப் பெட்டியைத் திறந்து ஓர் இதழை எடுத்தான். “அப்பா, நீ படி” என்றான். அப்பா என்னைப் பார்த்தார். “நீங்களே படிங்கப்பா” என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த விரல் எழுத்தின் கீழ் போயிற்று. கூட்டிக் கூட்டிப் படித்தார். அரசன் மரத்தடிக்கு வந்துவிட்டான். பழைய அந்தச் சொல் வருவது எனக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது.

“பொணத்த எடுத்து” என்று படித்தார்.

நான் திருத்தவில்லை. தம்பி மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். சிம்சுபா மரத்தை முருங்கை மரமாக்கியவரும் ஒருநாள் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இப்படித்தான் படித்திருப்பார்.